முப்பதோ, அறுபதோ... பாலே ஆட ஆசையா? கடைக்குப் போகும் முன் இதைப் படியுங்கள்!

'பாலேயா? அது அஞ்சு வயசுக் குழந்தைங்க கத்துக்கறதாச்சே! ஒல்லிக்குச்சி உடம்பு, ரோஜாப்பூ கலர் ஷூ... நமக்கெதுக்கு அதெல்லாம்?' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள்!

கலாக்ஷேத்ராவை 1936ல் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், பரதநாட்டியத்துக்கு முன்னால் கற்றுக்கொண்ட நடனம் எது தெரியுமா? பாலேதான்! 1904ல் பிறந்த அவர், 1920களின் கடைசியில் ரஷ்ய பாலே மேதை அன்னா பாவ்லோவாவைச் சந்தித்தார். பாவ்லோவாவின் குழுவில் ஆடிய கிளியோ நோர்டியிடம் பாலே பயில ஆரம்பித்தார். அப்போது அவருக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் போல ஆகியிருந்தது. 'உங்கள் நாட்டு நடனத்தையும் தேடிப் பாருங்கள்' என்கிற பொருளில் பாவ்லோவா சொன்ன யோசனைதான் அவரைப் பரதநாட்டியத்தின் பக்கம் திருப்பியது. ஆக, வளர்ந்த பெண்மணி ஒருத்தர் பாலே கற்க ஆரம்பிப்பது நமக்கு ஒன்றும் புதுக்கதை இல்லை.

இன்று லண்டனில் இது சர்வ சாதாரணம். ஆபீஸ் விட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு பாலே வகுப்புக்குப் போகிற பெண்கள் எத்தனையோ பேர். 1920ல் லண்டனில் ஆரம்பமான ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் நிறுவனம், 55 வயதைத் தாண்டியவர்களுக்கென்றே 2017ல் 'சில்வர் ஸ்வான்ஸ்' என்ற வகுப்புகளைத் தொடங்கியது. இப்போது பிரிட்டனின் ராணியாக இருக்கும் கமிலா, தானும் அந்த வகுப்பில் ஆடுவதாக 2020ல் வெளிப்படையாகவே சொன்னார். எழுபதைத் தாண்டிய வயதில்!

சரி, ஆசை வந்துவிட்டது. அடுத்து என்ன? உடுப்பு. பாதிப் பேர் பின்வாங்குவது இங்கேதான். கடைக் கண்ணாடி முன்னால் உடம்போடு ஒட்டிய அந்த உடுப்பைப் போட்டுப் பார்த்ததும், 'இந்த இடுப்பை வைத்துக்கொண்டா?' என்று வெட்கம் வந்துவிடுகிறது. இன்னொரு பக்கம், அளவு பார்க்காமல் ஷூவை வாங்கி, விரலைப் புண்ணாக்கிக்கொண்டு மூன்றாவது வாரமே நின்றுவிடுபவர்களும் உண்டு. இரண்டையுமே தவிர்க்கலாம். எப்படி என்று பார்ப்போமா?

முதல் நாளே பர்ஸைக் காலி செய்யாதீர்கள்

பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்புகளில் பெரும்பாலும் கட்டாயச் சீருடை கிடையாது. உடம்போடு படிகிற ஒரு பனியன் துணி டாப்ஸ், கணுக்கால் வரை வரும் லெக்கிங்ஸ், இது போதும். சேரும் முன் ஒரு போன் போட்டு, 'என்ன உடுத்தி வரணும்?' என்று கேட்டுவிடுங்கள்.

தொளதொள சுடிதார், அகலமான நைட் பேண்ட் மட்டும் வேண்டாம். காரணம் இருக்கிறது. பாலேயில் காலை இடுப்பு மூட்டிலிருந்து வெளிப்பக்கமாகத் திருப்பி நிற்க வேண்டும். இடுப்பு திரும்பாமல் பாதத்தை மட்டும் வலுக்கட்டாயமாகத் திருப்பினால், அந்த முறுக்கல் முழுவதும் முழங்காலில் போய் உட்காரும். முழங்கால் சரியாக விரல்களுக்கு நேராக இருக்கிறதா என்பதை ஆசிரியர் கண்ணால் பார்த்தால்தான் திருத்த முடியும். துணி மறைத்தால்? உங்கள் தப்பு உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. முழங்காலுக்கு மட்டும் தெரியும்!

பழைய காலத்திலும் இதே கதைதான். 18ம் நூற்றாண்டில் பாரிஸில் ஆடிய மரீ கமார்கோ என்ற நடனமணி, தன் பாத வேலை ஜனங்களுக்குத் தெரிய வேண்டும் என்று பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே உயர்த்தினார் என்பார்கள். அந்த ஊரே அதைப் பற்றிப் பேசியதாம்.

சாதாரண சாக்ஸ் போட்டு ஆடலாமா? தரை வழுக்காத இடமென்றால், முதல் வகுப்புக்கு மட்டும் சரி. பளபள மரத்தரையில் சாக்ஸ் வழுக்கிவிடும். சந்தேகமாக இருந்தால் ஆசிரியரைக் கேட்டுவிட்டு வெறுங்காலோடு நில்லுங்கள்.

லியோடார்ட்: இடுப்பளவு மட்டும் போதாது!

நீச்சல் உடை போல, மேலும் கீழும் ஒன்றாக இருக்கும் ஒட்டு உடுப்புக்குத்தான் லியோடார்ட் என்று பெயர். இதை முதலில் போட்டுப் புகழடைந்தவர் பெண் இல்லை, ஆண்! பிரெஞ்சு நாட்டு சர்க்கஸ் வீரர் ஜூல் லியோடார். 1859ல் பாரிஸில் ஊஞ்சலுக்கு ஊஞ்சல் பாய்ந்து காட்டியவர். அவர் பெயரே உடுப்புக்கும் நிலைத்துவிட்டது.

லியோடார்ட் வாங்கும்போது பெண்கள் செய்கிற முதல் தவறு, வழக்கமாகப் போடும் சுடிதார் சைஸையே கேட்பது. இதற்கு மார்பளவு, இடுப்பளவு தவிர மூன்றாவதாக ஒரு அளவு வேண்டும். டேப்பின் ஒரு முனையைத் தோளின் மேல் வையுங்கள். முன்பக்கமாக இறக்கி, தொடையிடுக்கு வழியாகப் பின்னால் கொண்டுபோய், மறுபடி அதே தோளுக்குக் கொண்டு வாருங்கள். அந்தச் சுற்றளவுதான் உடம்பின் நீளத்தைச் சொல்லும். நல்ல கடைகளின் அளவு அட்டவணையில் இது தனியாகவே போட்டிருக்கும். இரண்டு சைஸுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் பெரியதையே எடுங்கள்.

போட்டுப் பார்த்ததும் இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள்:

* இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். தோளில் வெட்டுகிறதா? தொடையிடுக்கில் இழுக்கிறதா? அப்படியானால் நீளம் போதவில்லை.
* முன்னால் குனியுங்கள். கழுத்துப் பக்கம் தொங்கி உள்ளே தெரிகிறதா? கழுத்து இறக்கம் குறைவாக உள்ளதை எடுங்கள்.
* காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குங்கள். தொடை ஓரத்து எலாஸ்டிக் தோலில் சிவப்புக் கோடு போடுகிறதா? வேண்டாம்.
* ஆழமாக மூச்சு இழுங்கள். விலா விரியத் தடை இருக்கக் கூடாது. 'இறுக்கமா இருந்தா ஒல்லியா தெரிவேன்' என்று மூச்சைக் கட்டிப்போட்டால், பத்து நிமிடத்தில் தலை சுற்றும்.

துணி? பருத்தியோடு கொஞ்சம் லைக்ரா கலந்தது உடம்புக்கு இதம், வியர்வையை உறிஞ்சும், ஆனால் காய நேரமாகும். நைலான் லைக்ரா சீக்கிரம் காயும், உருவம் குலையாது. எளிதில் அரிப்பு வருகிற சருமம் என்றால் பருத்திக் கலவையே நல்லது.

மார்புக்குத் தாங்குதல் தேவை

பாலேயில் குதிப்பு உண்டு. சின்னக் குதிப்புதான், ஆனால் வரிசையாக எட்டு, பதினாறு என்று வரும். லியோடார்டின் உள்ளே மெல்லிய லைனிங் மட்டும் வைத்துத் தைத்திருப்பார்கள். சிறிய மார்பகம் உள்ளவர்களுக்கு அது போதும். மற்றவர்களுக்குப் போதாது. குழந்தைக்குப் பால் கொடுத்தவர்கள், கொடுத்துக்கொண்டிருப்பவர்கள், மாதவிலக்குக்கு முன்னால் மார்பு கனத்து வலிப்பவர்கள் எல்லோரும் உள்ளே விளையாட்டு வீராங்கனைகள் போடும் ஸ்போர்ட்ஸ் பிரா அணிவது நல்லது. பட்டை வெளியே தெரிகிறதே என்று கவலை வேண்டாம். முதுகு மூடிய, அகலத் தோள்பட்டை வைத்த லியோடார்டு எடுத்தால் மறைந்துவிடும். கறுப்புக்குள் கறுப்பு போட்டாலும் கண்ணுக்குத் தெரியாது.

மாதவிலக்கு நாட்களில் கறுப்பு, கருநீலம், கரும்பச்சை போன்ற அடர் நிற லியோடார்டும், மேலே ஒரு சின்ன ஸ்கர்ட்டும் போட்டால் தைரியமாக ஆடலாம். இன்னொரு விஷயம். இந்த உடுப்பில் பாத்ரூம் போக வேண்டுமென்றால் முழுவதையும் கழற்றி மாட்ட வேண்டும். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் போகிறவர்கள் உண்டு. அது சிறுநீர்த் தொற்றுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது மாதிரி! வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள்.

வயிறு, தொடை தெரிகிறதே என்று கூச்சமா? இடுப்பில் சுற்றிக் கட்டும் மெல்லிய ராப் ஸ்கர்ட் இருக்கிறது. பெரியவர்கள் வகுப்பில் பாதிப் பேர் அதைத்தான் கட்டியிருப்பார்கள். முழங்காலுக்கு மேலேயே நிற்கிற நீளமாக வாங்குங்கள். முடிச்சைப் பக்கவாட்டில் போடுங்கள். முன்னால் முடிச்சு இருந்தால் தரைப் பயிற்சியில் குத்தும்.

டைட்ஸ்: உங்கள் தோலுக்கு எது 'தோல் நிறம்'?

டைட்ஸ் என்பது இடுப்பிலிருந்து கால் வரை வரும் இறுக்கமான காலுறை. பாதம் மூடியது, பாதம் இல்லாதது, உள்ளங்காலில் ஓட்டை விட்டது என்று வகைகள் உண்டு. பெரியவர்களுக்கு ஓட்டை வைத்ததே சௌகரியம். தேவைப்பட்டால் பாதத்தைப் போர்த்தலாம், கொப்புளத்துக்குப் பிளாஸ்திரி ஒட்ட வேண்டுமென்றால் மேலே சுருட்டிவிடலாம்.

டைட்ஸுக்குள் ஜட்டி போடுவதா, வேண்டாமா? மேடைக் கலைஞர்கள் பெரும்பாலும் போடுவதில்லை. துணி ஓரம் வெளியே தெரியும் என்பதால். நீங்கள் மேடையில் ஆடப் போவதில்லையே? தையல் உறுத்தாத பருத்தி உள்ளாடை போட்டுக்கொள்ளுங்கள். வகுப்பு முடிந்ததும் வியர்த்த டைட்ஸை உடனே மாற்றிவிடுங்கள். ஈரத்தோடு பஸ்ஸில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், தொடையிடுக்கில் படர்தாமரைக்கு இடம் கொடுத்தது போலாகும்.

இனி நிறம். பாலே என்றாலே இளஞ்சிவப்பு டைட்ஸ், இளஞ்சிவப்பு ஷூ என்பது எப்படி வந்தது? வெள்ளைத் தோலோடு அது கலந்து, இடுப்பிலிருந்து கட்டைவிரல் நுனி வரை கால் ஒரே கோடாக, நீளமாகத் தெரியும். அதற்காகத்தான். அதே இளஞ்சிவப்பை மாநிறமோ கறுப்போ உள்ள பெண் போட்டால் என்ன ஆகும்? இடுப்போடு உடம்பு ஒரு நிறம், கால் ஒரு நிறம் என்று வெட்டினாற்போல இருக்கும். பிறகு கண்ணாடியைப் பார்த்து, 'எனக்கு இது பொருந்தலை' என்று அவள் தன்னையே நொந்துகொள்வாள். பொருந்தாதது துணிதானே?

இதை மாற்றிக் காட்டியவர்கள் நியூயார்க்கின் கறுப்பினக் கலைஞர்கள். ஆர்தர் மிட்செல் 1969ல் துவக்கிய டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லம் குழுவில், 1970களிலேயே ஒவ்வொருவரும் தத்தம் தோல் நிறத்திலேயே டைட்ஸும் ஷூவும் அணிந்து மேடையேறினார்கள். கடையில் அந்த நிறம் கிடைக்காது. சாயம் ஏற்றியும், முகத்துக்குப் பூசும் மேக்கப்பை ஷூவில் பூசியும்தான் சமாளித்தார்கள். பல கறுப்பினப் பெண்கள் ஒவ்வொரு ஜோடிக்கும் மணிக்கணக்கில் உட்கார்ந்து இந்த வேலையைச் செய்ய வேண்டியிருந்தது. கடைசியில் 2018ல்தான், லண்டனின் 'பாலே பிளாக்' குழுவோடு சேர்ந்து ஃப்ரீட் ஆஃப் லண்டன் கம்பெனி பழுப்பு நிற பாயின்ட் ஷூக்களைக் கொண்டுவந்தது.

ஆகவே கடையில் 'ஸ்கின் கலர்' என்று கொடுப்பதை அப்படியே வாங்க வேண்டாம். யாருடைய ஸ்கின் கலர் என்று கேளுங்கள்! புறங்கையின் மேல் வைத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கிடைக்கவில்லையா? கறுப்பு டைட்ஸும் கறுப்பு ஷூவும் எல்லோருக்கும் எடுப்பாக இருக்கும், அழுக்கும் தெரியாது.

பாலே ஷூ: இதில்தான் கவனம் வேண்டும்

பணம் குறைவென்றால் மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடியுங்கள், ஷூவில் பிடிக்காதீர்கள்.

நாம் இங்கே பேசுவது விரல் நுனியில் நிற்கும் கெட்டி ஷூவை அல்ல. ஆரம்பப் பயிற்சிக்கான, கையுறை போல மெத்தென்ற மென்மையான ஷூ. நம் ஊரில் வெறுங்காலில் தட்டி ஆடுகிறோம், தரையின் தாக்குதலைப் பாதம் நேராக வாங்கிக்கொள்கிறது. பாலேயில் பாதத்தைத் தரையோடு உராய்த்து நீட்ட வேண்டும், சுழல வேண்டும். அதற்குத்தான் இந்த மெல்லிய தோல்.

தோலா, கேன்வாஸா? தோல் ஷூ நீண்ட நாள் உழைக்கும், போகப் போகப் பாதத்தின் வடிவத்துக்கு வந்துவிடும். கேன்வாஸ் காற்றோட்டமானது, துவைக்கலாம், விலையும் குறைவு. பாதம் அதிகம் வியர்ப்பவர்களுக்குக் கேன்வாஸ்.

அடிப்பாகம் முழுசா, இரண்டாகப் பிரிந்ததா? முழு அடி என்றால், விரல் முதல் குதிகால் வரை ஒரே துண்டு. பாதத்துக்குக் கொஞ்சம் எதிர்ப்புக் கொடுத்து, உள்ளங்கால் தசையை வேலை வாங்கும். பிரிந்த அடி, நடுவில் தோல் இல்லாமல் வளைவாக அழகு காட்டும். வளைக்கவும் சுலபம். ஆரம்பத்தில் எது வேண்டும் என்பதில் ஆசிரியர்களுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. உங்கள் ஆசிரியர் சொல்வதை வாங்குங்கள்.

அளவு பார்க்கும் விதம்:

* நடக்கும் செருப்பின் நம்பரை மறந்துவிடுங்கள். பாலே ஷூ கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒன்றிரண்டு நம்பர் வித்தியாசம் வருவது சகஜம்.
* சாயங்காலத்தில் போய் வாங்குங்கள். நாள் முழுவதும் நின்ற பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், அதுதான் வகுப்பு நேரத்துப் பாதமும்.
* ஆடும்போது போடும் அதே டைட்ஸோடு போட்டுப் பாருங்கள்.
* இரண்டு காலிலும் எடை போட்டு நில்லுங்கள். விரல்கள் தட்டையாக, நீட்டியபடி இருக்க வேண்டும். ஒரு விரல் மடங்கினாலும் அது சின்னது.
* குதிகாலை உயர்த்தி நில்லுங்கள். பின்னால் துணி பை போலத் தொங்கினால் பெரியது.
* 'போகப் போகச் சரியாயிடும்' என்று கடைக்காரர் சொன்னால், அகலத்துக்கு அது கொஞ்சம் உண்மை. நீளத்துக்கு ஒருபோதும் இல்லை. குழந்தைக்கு வாங்குவது போல 'வளர்ற கால்' என்று பெரிதாக வாங்கவும் தேவையில்லை!

பெருவிரல் அடியில் எலும்பு புடைத்திருப்பவர்கள், பிரசவத்துக்குப் பின் பாதம் அகலமானவர்கள், அகல அளவு உள்ள கம்பெனியாகத் தேடுங்கள். குறுகிய ஷூ புதிதாக எலும்பை வளர்க்காவிட்டாலும், இருக்கிற புடைப்பை உரசி உரசி வீங்க வைத்துவிடும்.

பல ஷூக்களில் எலாஸ்டிக்கை நீங்களேதான் தைக்க வேண்டும். ஷூவின் குதிகால் பாகத்தை உள்பக்கமாக மடக்குங்கள். மடிப்பு விழுகிற இடம்தான் எலாஸ்டிக் வைக்கிற இடம். சிறு தையல் போதும். ஷூவின் விளிம்புக்குள் ஓடும் நாடாவை மட்டும் ஊசியால் குத்திவிடாதீர்கள், பிறகு அது இழுபடாது. நாடாவை மெல்ல இழுத்து, இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்சத்தை உள்ளே செருகுங்கள். இறுக்கிக் கட்டினால் குதிகால் நரம்புக்கு மேலே உரசிப் புண் வரும்.

நம் வீட்டுப் பெண்களுக்கு ஒரு தனி வார்த்தை. மெட்டியோடு இந்த ஷூவைப் போடாதீர்கள். இறுக்கமான ஷூவுக்குள் வெள்ளி வளையம் பக்கத்து விரலை அழுத்தி, ரத்தம் கட்டிவிடும். கொலுசு எலாஸ்டிக்கில் மாட்டும். சம்பிரதாயம் விட மனசு வராதவர்கள், அந்த ஒரு மணி நேரம் மட்டும் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு, முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம்.

ஷூவோடு தெருவில் நடக்காதீர்கள். ஒரு சின்னக் கல் போதும், மெல்லிய அடி கிழிந்துவிடும். வெளியே உள்ள மண்ணைக் கொண்டுவந்தால் வகுப்புத் தரையும் வழுக்கும்.

பாயின்ட் ஷூ: அவசரம் வேண்டவே வேண்டாம்

'ஆடினா விரல் நுனியில நின்னுதான் ஆடணும்' என்ற ஆசை பாலே கற்கும் எல்லாப் பெண்களுக்கும் வரும். 1832ல் பாரிஸில் மரீ தாக்லியோனி அப்படி ஆடிக் காட்டியதிலிருந்து வந்த ஆசை அது. அவர் அணிந்தது சாதாரண சாட்டின் செருப்பு, நுனியில் நெருக்கமாகத் தையல் போட்டது. நின்றது அவர் பாதத்தின் பலத்தால்.

இன்றைய பாயின்ட் ஷூவின் கட்டுமானம் வேறு. நுனியில் துணியையும் காகிதத்தையும் பசையில் தோய்த்து, அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடு. அடியில் தோலும் அட்டையும் சேர்ந்த கெட்டித் தண்டு. அதன்மேல் சாட்டின். ஃப்ரீட் கம்பெனியில் இன்றும் ஆட்கள் கையாலேயே செய்கிறார்கள். எந்த ஆள் செய்தது என்று அடியில் மீன், மணி, கிரீடம் என்று முத்திரை இருக்கும். நடனமணிகள் தங்களுக்குப் பழகிய ஆளின் முத்திரையையே கேட்டு வாங்குவார்கள். பெரிய மேடைகளில் ஒரே இரவு ஆட்டத்தில் ஒரு ஜோடி தீர்ந்து போவதும் உண்டு.

வளர்ந்தவர்களுக்கு எலும்பு முதிர்ந்துவிட்டது. குழந்தைகளுக்கு இருக்கும் வளர்ச்சி பற்றிய பயம் இல்லை. ஆனால் கணுக்கால் பலம், உள்ளங்கால் தசைப் பலம், வயிற்று முதுகுத் தசைகளின் பிடிப்பு, இவை யாருக்கும் தானாக வராது. பொதுவாக, தொடர்ந்து வாரம் இரண்டு முறையாவது, சில வருடங்கள் பயின்ற பிறகே இதைப் பற்றிப் பேச வேண்டும். முட்டியை நீட்டி, பாதத்தை நீட்டினால் பாதத்தின் மேல்பகுதி முன்னங்காலோடு கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் வருகிறதா? ஒற்றைக் காலில் நின்று, ஆடாமல் அசையாமல் குதிகாலைப் பல முறை உயர்த்த முடிகிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் ஆசிரியரிடம் கேளுங்கள். இல்லையென்றால் மென் ஷூவிலேயே வாழ்நாள் முழுக்க ஆடலாம். அதில் ஒரு குறையும் இல்லை.

அப்படி வாங்குவதானால் மூன்று விதிகள். தபாலில் வரவழைக்காதீர்கள். அடுத்தவர் போட்டதை வாங்காதீர்கள், அவர் பாதத்துக்கு உடைந்த ஷூ உங்கள் கணுக்காலைச் சாய்த்துவிடும். பரிசாகக் கொடுக்கவும் வேண்டாம். பழகிய ஆள் பாதத்தைப் பார்த்து, போட்டு நிறுத்திப் பார்த்துத்தான் தர வேண்டும். ரிப்பனை வீட்டில் தைக்கும்போது, பலத்துக்காகப் பல் இடுக்கு சுத்தம் செய்யும் நூலையே சிலர் உபயோகிக்கிறார்கள். அறுகவே அறுகாது!

அன்னா பாவ்லோவாவின் பாதம் மிக ஒடுக்கமானது, வளைவு அதிகம். அதைத் தாங்கத் தன் ஷூவுக்குள் கூடுதலாகக் கெட்டித் தோலை வைத்துக்கொண்டார். 'இது ஏமாற்று வேலை' என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. ஆனால் தன் பாதத்துக்கு என்ன தேவை என்று அவருக்குத்தானே தெரியும்?

கதகதப்பு நல்லது, பிளாஸ்டிக் பேண்ட் நல்லதல்ல

குளிர் நாட்டில் தசை விறைத்திருக்கும். அதனால் கெண்டைக்காலை மூடும் கம்பளி லெக் வார்மர், மேலே ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போட்டு ஆரம்பிக்கிறார்கள். உடம்பு சூடானதும் கழற்றிவிட வேண்டும். லெக் வார்மர் ஷூவுக்கு அடியில் போகும்படி இழுத்துவிட்டால் வழுக்கும், ஜாக்கிரதை.

வியர்த்துக் கொட்ட வேண்டும் என்று பிளாஸ்டிக் துணி பேண்ட் போடுகிறவர்களும் உண்டு. எடை குறைந்தது போலத் தெரியும். குறைந்தது தண்ணீர்தான், கொழுப்பு இல்லை. ஒரு சொம்பு தண்ணீர் குடித்ததும் எடை திரும்பிவிடும். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் இதைத் தொடவே கூடாது.

கொண்டை, நகை, நகம்

சுழலும்போது பின்னல் முகத்தில் அடிக்கும். நீண்ட முடி என்றால் குதிரைவாலாகக் கட்டி, அதைச் சுருட்டிக் கொண்டை போட்டு, வலை மாட்டி, வளைந்த கொண்டை ஊசியால் குத்துங்கள். தலைவலி வருமளவு இறுக்க வேண்டாம். தினமும் ஒரே இடத்தில் இழுத்துக் கட்டினால் முன்நெற்றி ஓரம் முடி கொட்டும். கொண்டையைக் கொஞ்சம் மேலும் கீழும் மாற்றி மாற்றிப் போடுங்கள்.

தொங்கும் காதணி, வளையல், மோதிரம் வேண்டாம். தாலிச் சங்கிலியை லியோடார்டுக்குள் விட்டு, நழுவாமல் உள்பக்கம் சின்ன பிளாஸ்திரியால் ஒட்டிவிடலாம். ஊக்கு மட்டும் குத்தாதீர்கள். தரைப் பயிற்சியில் நெஞ்சில் குத்திவிடும்.

கால் நகங்களை நேராக வெட்டுங்கள், ஓரத்தைக் குழிவாகத் தோண்டாதீர்கள். தோண்டினால் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடிக்கும்.

இவர்கள் முதலில் டாக்டரைப் பார்க்கவும்

* சர்க்கரை வியாதி உள்ளவர்கள்: பாதத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் ஷூ கடிப்பதே தெரியாது. ஒவ்வொரு வகுப்புக்குப் பின்னும் உள்ளங்காலையும் விரல் இடுக்கையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.
* எலும்புத் தேய்மானம், எலும்பு பலவீனம் உள்ளவர்கள், மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவர்கள்: குதிப்பும் காலைத் திருப்புவதும் எந்த அளவு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.
* கர்ப்பிணிகள்: மூட்டு இணைப்புகள் தளர்ந்திருக்கும் சமயம் இது. டாக்டர் சம்மதித்தாலும் வயிற்றை இறுக்கும் லியோடார்ட் வேண்டாம், விரியும் டாப்ஸ் போதும்.
* காலில் சுருண்ட நரம்பு உள்ளவர்கள்: தொடையிலோ முட்டிக்குக் கீழோ பட்டையாக இறுக்கும் எலாஸ்டிக் கூடாது.

துவைத்துக் காயவையுங்கள்

லைக்ரா துணிகளைக் குளிர்ந்த தண்ணீரில், மென் சோப்பில் அலசி, நிழலில் காயப் போடுங்கள். முறுக்கிப் பிழிந்தாலும் சுடுதண்ணீரில் போட்டாலும் இழுவை போய்விடும். தோல் ஷூவைத் துவைக்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, உள்ளே பழைய நியூஸ் பேப்பரைத் திணித்துக் காற்றாட வையுங்கள். பிளாஸ்டிக் பைக்குள் சுருட்டிப் போட்டால் நாற்றமும், விரல் இடுக்கில் சேற்றுப்புண்ணும் சேர்ந்து வரும். வாரம் மூன்று நாள் ஆடுபவர்கள் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுவது நல்லது.

என்ன வரிசையில் வாங்கலாம்?

முதல் மாதம்: பாலே ஷூ மட்டும். மற்றதெல்லாம் வீட்டில் இருப்பதே போதும்.

இரண்டாவது மாதம்: நல்ல தாங்குதல் உள்ள பிரா, ஒரு ஜோடி டைட்ஸ்.

மூன்று மாதம் ஆகியும் ஆசை குறையவில்லையா? அப்போது ஒரு அடர் நிற லியோடார்ட், ஒரு ராப் ஸ்கர்ட். லெக் வார்மர் குளிர்காலம் வந்த பிறகு.

இந்த வரிசையில் வாங்கினால், நடுவில் விட்டுவிட்டாலும் பணம் பெரிதாக வீணாகாது. விடாமல் போனாலோ, உங்கள் உடம்புக்கு எது ஒத்துவருகிறது என்று அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். பிறகு எந்தக் கடைக்காரர் என்ன சொன்னாலும், 'இல்லீங்க, எனக்கு இந்த அளவுதான் வேணும்' என்று தைரியமாகச் சொல்லி வாங்கிக்கொண்டு வரலாம்!